யாருக்கு இந்தப் புத்தகம்? வாசிப்புக் குழுவில் பரிந்துரை எழுதுவது எப்படி

ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ எந்த வாசிப்புக் குழுவில் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே கண்ணில் படும் பதிவு ஒன்று உண்டு. அட்டைப்படத்தின் போட்டோ, கீழே “அருமையான நாவல், எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டும்.” அவ்வளவுதான். அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் இமோஜி, “நன்றி தோழர்”, “லிஸ்ட்டில் சேர்த்துவிட்டேன்”. எழுதியவர் உண்மையான சந்தோஷத்தில்தான் எழுதியிருக்கிறார், அந்தச் சந்தோஷம் இல்லாவிட்டால் குழுவே இல்லை. ஆனால் அதை வைத்து யாராலும் எதையும் முடிவுசெய்ய முடியாது. எத்தனை பக்கம், கிராமத்துக் கதையா துப்பறியும் கதையா, பஸ்ஸில் நின்றுகொண்டே படிக்கலாமா, இல்லை ராத்திரி வீடு அடங்கின பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டியதா, எதுவும் தெரியாது. எழுதியவருக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவரை நமக்கு முன்பின் தெரியாது என்றால் அதுவும் பெரிதாக உதவாது.

இப்போதுதான் இப்படி ஒரு குழுவில் சேர்ந்து, நாமும் ஏதாவது எழுதலாமா, எழுதினால் தப்பாகிவிடுமா என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இலக்கியம் படித்திருக்க வேண்டியதில்லை. கோட்பாடுகள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் பிடிபட்டால் போதும்: பரிந்துரை என்பது புத்தகத்தைப் புகழ்வது இல்லை, அதற்குரிய ஆளைக் கண்டுபிடிப்பது.

முதலில் மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்வோம், ஏனென்றால் குழுக்களில் நடக்கும் பாதிச் சண்டை இவற்றைக் கலந்துகொள்வதால் வருகிறது. “எனக்குப் பிடித்தது, கடைசி அத்தியாயத்தில் அழுதேன்” என்றால் அது கருத்து. அதோடு யாரும் வாதாட முடியாது, அழுதவர் நீங்கள். “இரண்டாம் பாதியில் நாயகியின் முடிவுக்கு ஆசிரியர் எந்தக் காரணமும் தரவில்லை” என்றால் விமர்சனம். அதற்குப் புத்தகத்திலிருந்து ஆதாரம் காட்ட வேண்டும், இன்னொருவர் மறுக்கலாம். “வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் படித்தால் யாரோ கூட உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும்” என்றால் அதுதான் பரிந்துரை. இதில் நீங்களும் பின்னால் போய்விடுகிறீர்கள், புத்தகமும் பாதிதான் தெரிகிறது, படிக்கப்போகிற ஆள் முன்னால் வருகிறார். மூன்றுமே ஒரு பதிவில் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் எந்த வரி எது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவர் தன் கருத்தைச் சொல்லும்போது “ஆதாரம் எங்கே” என்று கேட்பதும், விமர்சனத்துக்கு “எனக்குப் பிடிச்சிருக்கு, உங்களுக்கு என்ன” என்று பதில் சொல்வதும் எங்கேயும் போய்ச் சேராது.

ரங்கநாதன் சொன்னது

இந்த விஷயத்தை மிகத் தெளிவாகச் சொன்னவர் நம் ஊர்க்காரர். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். இன்று உலகம் முழுக்க நூலகவியல் படிக்கிற மாணவர்கள் ‘ஐந்து விதிகள்’ என்று படிப்பது அவர் 1931இல் வெளியிட்டதைத்தான். இந்தியாவில் ஆகஸ்ட் 12ஆம் தேதி தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடப்படுவதும் அவர் நினைவாகவே. அந்த ஐந்தில் இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம். மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து.

இந்த மூன்றையும் ஒரு வாசிப்புக் குழுவின் விதிகளாக அப்படியே எடுத்து அட்மின் பின் செய்து வைத்துவிடலாம். இரண்டாவது விதி, யாராவது “என்ன படிக்கலாம்” என்று கேட்கும்போது நாம் செய்ய வேண்டியது. மூன்றாவது விதி, நாம் படித்து முடித்த புத்தகத்தை வைத்துக்கொண்டு “இது யாருக்குப் பொருந்தும்” என்று யோசிப்பது. அதில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது: உங்களுக்குப் பிடிக்காத புத்தகத்துக்கும் வாசகர் ஒருவர் இருக்கிறார். நான்காவது விதிதான் குழுக்களில் அதிகம் மறக்கப்படுவது. நூறு பேர் இருக்கிற குழுவில் ஒரு வரியில் தெளிவாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டால், நூறு பேரும் தனித்தனியாகப் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

புத்தகத்துக்குள் நுழைகிற வாசல்கள்

சரி, “யாருக்குப் பொருந்தும்” என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சியாட்டிலைச் சேர்ந்த நான்சி பெர்ல் என்ற நூலகர் இதற்கு ஒரு நல்ல வழி சொல்லியிருக்கிறார். ஊரே சேர்ந்து ஒரே புத்தகத்தைப் படிக்கிற திட்டத்தை 1998இல் சியாட்டிலில் தொடங்கியவர் அவர். நாவலுக்குள் வாசகர் நுழைய நான்கு வாசல்கள் இருக்கின்றன என்பார்: கதை, மனிதர்கள், இடம், மொழி. நான்கும் எல்லா நாவலிலும் இருக்கும், ஆனால் ஒவ்வொரு நாவலிலும் ஏதாவது ஒரு வாசல் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். வாசகர்களும் அப்படித்தான். “அடுத்து என்ன ஆச்சு” என்று பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் கதை வாசலில் வருகிறவர்கள். கதையில் ஒன்றுமே நடக்காவிட்டாலும் அந்தக் கிழவியின் பேச்சுக்காகவே படிப்பேன் என்பவர்கள் மனிதர்களுக்காக வருகிறவர்கள். கரிசல் காட்டுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மலேசிய ரப்பர் தோட்டத்துக்கோ போய்வந்த மாதிரி இருந்தது என்பவர்கள் இடத்துக்காக. ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டு அப்படியே நிறுத்தி, திரும்ப வாய்விட்டுப் படிக்கிறவர்கள் மொழிக்காக.

உங்களுக்குப் பிடித்த நான்கைந்து நாவல்களை நினைத்துப் பாருங்கள், நீங்கள் எந்த வாசலில் அதிகம் நுழைகிறீர்கள் என்று தெரிந்துவிடும். இது தெரிந்தாலே பரிந்துரையின் தரம் மாறிவிடும். ஏனென்றால் மொழி வாசலில் நுழைகிறவர், கதை வாசலில் நிற்கிறவரிடம் “செம்ம நாவல்” என்று தரும்போதுதான் அடுத்த வாரம் “என்னங்க, ஒண்ணுமே நடக்கலையே” என்று பதில் வருகிறது. இரண்டு பேரின் ரசனையிலும் குறை இல்லை. வாசல்தான் வேறு.

ஒன்றை எழுதியே காட்டுகிறேன். தமிழ்க் குழுக்களில் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு அதிகம் சொல்லப்படும் புத்தகம் பொன்னியின் செல்வன், அதையே எடுத்துக்கொள்வோம். வழக்கமாக வருவது “காலத்தால் அழியாத காவியம், படிக்காதவர் தமிழரே இல்லை” என்பது மாதிரி. இப்படிச் சொன்னால் படிக்காதவர் கூச்சத்தில் ஒதுங்கிக்கொள்வார். அதற்குப் பதிலாக:

“பெரிய புத்தகம் என்றாலே பயப்படுகிறவர்கள், வரலாற்று நாவல் இதுவரை தொடாதவர்கள் தைரியமாகத் தொடங்கலாம். 1950 முதல் 1954 வரை கல்கி வார இதழில் தொடராக வந்தது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை, பலவும் ஒரு கேள்வியோடு முடியும், அடுத்ததைத் திறக்காமல் இருப்பது கஷ்டம். மொழி எளிமையானது. ஆடிப்பெருக்கு அன்று வீராணம் ஏரிக்கரையில் ஒருவன் குதிரையில் வருவதில் தொடங்கி, அவனோடு நாமும் சோழ நாடு முழுக்கச் சுற்றுவோம். பாத்திரங்கள் ஏராளம், யாருக்கு யார் என்ன உறவு என்று முதல் பாகத்தில் குழம்பும், ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நடுநடுவே ஆசிரியரே வந்து வாசகர்களோடு பேசுவார், சரித்திரம் சொல்வார். அது பிடிக்காதவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஐந்து பாகமும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். முதல் பாகம் மட்டும் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள்.”

இதில் புகழ்ச்சி என்று தனியாக ஒரு சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? ஆனாலும் எழுதியவருக்கு அந்தப் புத்தகம் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துவிடுகிறது. தொடராக வந்தது என்ற தகவல் இலக்கிய வரலாறாக வரவில்லை, படிக்கும்போது எப்படி இருக்கும் என்பதற்கான காரணமாக வருகிறது. யாருக்கு என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லியாகிவிட்டது. எங்கே தடுக்கும், அப்போது என்ன செய்யலாம் என்பதும் இருக்கிறது. தடுக்கும் இடத்தைச் சொல்வதுதான் பலருக்கும் மனம் வராத காரியம், பிடித்த புத்தகத்தை விட்டுக்கொடுக்கிற மாதிரி தோன்றும். ஆனால் படிக்கிறவர் அந்த இடத்துக்கு வரும்போது “ஓ, இதைத்தான் சொன்னாங்க” என்று கடந்துபோவார். சொல்லாமல் விட்டால் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

இன்னும் சில விவரங்கள் சின்னவை, ஆனால் விட்டுவிடக் கூடாதவை. ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஏறக்குறைய எத்தனை பக்கம். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர் கட்டாயம் வேண்டும். ஒரே ரஷ்ய நாவலுக்குத் தமிழில் இரண்டு மொழிபெயர்ப்பு இருந்தால் ஒன்று சரளமாக ஓடும், இன்னொன்றில் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை படிக்க வேண்டியிருக்கும். நீங்கள் படித்தது எது என்று சொல்லாவிட்டால் உங்கள் பரிந்துரையை நம்பி வாங்குகிறவர் வேறொரு புத்தகத்தையே படிக்கப்போகிறார்.

கேட்கிறவர் என்ன கேட்கிறார்?

டிசம்பர் பாதி தாண்டினாலே குழுக்களில் “புத்தகக் காட்சியில் என்ன வாங்கலாம்” என்ற கேள்வி ஆரம்பித்துவிடும். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடப்பது, அதனால் தமிழ் வாசகர்களுக்கு அதுதான் பரிந்துரைப் பருவம். அப்போது கீழே வரும் பதில்களைப் பாருங்கள். ஆளாளுக்குத் தங்களுக்குப் பிடித்த பத்துத் தலைப்புகளை அடுக்குவார்கள். கேட்டவர் நூறு தலைப்புகளை வைத்துக்கொண்டு முன்பைவிட அதிகமாகக் குழம்புவார்.

இதில் கேட்டவர் பங்கும் உண்டு. “நல்ல புத்தகம் சொல்லுங்க” என்பதற்கு நல்ல பதில் வராது. கடைசியாக ரசித்துப் படித்தது எது, பாதியில் வைத்தது எது, இப்போது எவ்வளவு நேரம் கிடைக்கிறது, எது வேண்டாம் என்று நாலு வரி எழுதினால் போதும். அதிலும் “பாதியில் வைத்தது எது” என்பதுதான் பதில் சொல்கிறவருக்கு மிகவும் பயன்படும்.

கேட்கிறவர் அப்படி எழுதாவிட்டால், தலைப்பைச் சொல்லும் முன் நாம் திருப்பிக் கேட்க வேண்டும். இப்படி ஓர் உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள்.

“அக்கா, அம்மாவுக்கு ஏதாவது புக் சொல்லுங்களேன். ரிட்டயர் ஆகிட்டாங்க, வீட்ல சும்மாதான் இருக்காங்க.”

“முன்னாடி என்னம்மா படிப்பாங்க?”

“வாரப் பத்திரிகையில தொடர்கதை வந்தா விடமாட்டாங்க. இப்போ சின்ன எழுத்துன்னா கண்ணு வலிக்குதுன்னு வச்சிடறாங்க.”

“சோகமான கதை பரவாயில்லையா?”

“வேண்டாம்க்கா. அப்பா போய் ஒரு வருஷம்தான் ஆகுது.”

இரண்டே கேள்விகள், ஆனால் அந்த அக்கா முதலில் மனதில் வைத்திருந்த புத்தகம் எதுவாக இருந்தாலும் இப்போது மாறியிருக்கும். கணவனை இழந்த பெண்ணைப் பற்றிய மிகச் சிறந்த நாவல் ஒன்று அவருக்குத் தெரிந்திருக்கலாம், விருதுகூட வாங்கியிருக்கலாம், அதை இப்போது தரக் கூடாது. அத்தியாயம் அத்தியாயமாக நிறுத்தி நிறுத்திப் படிக்கக்கூடியது, குடும்பமும் கொஞ்சம் சிரிப்பும் இருப்பது, பெரிய எழுத்தில் அச்சிட்ட பதிப்பு, இல்லாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிற மின்னூல், ஒலிப்புத்தகம்கூடச் சொல்லலாம். ஒன்று அல்லது இரண்டு தலைப்பு போதும். அந்தப் பெண் அதை அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியும், பத்துத் தலைப்பை அல்ல.

நட்சத்திரக் கணக்கு

வெறும் எண்ணாக வரும் கருத்தைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும், புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் நம்புகிறார்கள். உலக அளவில் வாசகர்கள் அதிகம் கூடும் தளம் குட்ரீட்ஸ். 2007 ஜனவரியில் தொடங்கியது, 2013இல் அமேசான் வாங்கியது. படித்தது, படித்துக்கொண்டிருப்பது, படிக்க விரும்புவது என்று மூன்று அடுக்குகள் வைத்து, படித்ததற்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தரலாம். அந்த நட்சத்திரங்களுக்குத் தளமே ஒரு பொருள் வைத்திருக்கிறது. ஒன்று என்றால் பிடிக்கவில்லை, இரண்டு பரவாயில்லை, மூன்று பிடித்தது, நான்கு மிகவும் பிடித்தது, ஐந்து அற்புதம். அதாவது மூன்று என்பது அங்கே நல்ல மதிப்பெண். நம்மிலோ பலருக்கு ஐந்துக்கு மூன்று என்றாலே பரீட்சையில் தட்டுத்தடுமாறிப் பாஸான மாதிரி. ஆட்டோவுக்கும் சாப்பாடு கொண்டுவருகிறவருக்கும் ஐந்து போட்டே பழகிவிட்டோம், குறைத்துப் போட்டால் அவர் வேலைக்குப் பாதிப்பு வரும் என்ற எண்ணத்தில். அதே கையோடு புத்தகத்துக்கும் ஐந்து போடுகிறோம். ஒருவர் மூன்றும் இன்னொருவர் ஐந்தும் போட்டிருக்கிறார்கள் என்றால் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லியிருக்கவும் கூடும்.

சராசரியை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். பல பாகங்கள் உள்ள தொடர் நாவலில் பின்னால் வரும் பாகங்களுக்குச் சராசரி ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். எழுத்து மேம்பட்டதால்தான் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிவிட்டார்கள், கடைசிப் பாகத்துக்கு மதிப்பெண் போட மிஞ்சியிருப்பவர்கள் ரசிகர்கள் மட்டும். இதேபோல் பாடத்திட்டத்தில் கட்டாயமாக வைக்கப்படும் நாவலுக்குச் சராசரி இறங்கலாம், விருப்பமில்லாமல் படித்தவர்களும் வந்து போடுவதால். இருபது பேர் போட்டு 4.8 இருக்கும் புத்தகத்தில் அந்த இருபது பேரும் ஆசிரியரின் நண்பர்களாக இருக்கலாம். தமிழ்ப் புத்தகங்களில் இது அடிக்கடி பார்க்கிற நிலைமை, போடுகிறவர்களே குறைவு என்பதால். ஒரே நூல் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமாகவும் ஆங்கில எழுத்தில் இன்னொரு பக்கமாகவும் பதிவாகி, கருத்துகள் பிரிந்துகிடப்பதும் உண்டு.

2019இல் நாடியா ஒடுனாயோ தொடங்கிய ஸ்டோரிகிராஃப் என்ற வாசகர் தளம் இந்தக் குறையைக் கொஞ்சம் சரிசெய்ய முயல்கிறது. கால் கால் நட்சத்திரமாகப் போடலாம் என்பது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், புத்தகம் வேகமாகப் போகிறதா மெதுவாகவா, படிக்கும்போது என்ன மனநிலை வருகிறது, கதையால் நகர்கிறதா மனிதர்களால் நகர்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. நான்சி பெர்லின் வாசல்கள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? எண்ணைவிட இந்தப் பதில்களில்தான் உங்களுக்கான தகவல் இருக்கிறது. எந்தத் தளமானாலும் என் யோசனை இதுதான்: ஐந்து நட்சத்திரக் கருத்துகளையும் ஒரு நட்சத்திரக் கருத்துகளையும் தள்ளிவைத்துவிட்டு மூன்று போட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று இரண்டையும் பெரும்பாலும் அவர்கள்தான் சொல்கிறார்கள்.

படிக்காமலே போடும் பொய் மதிப்பெண்களும் இருக்கின்றன. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவில் நடக்கும் ஒரு நாவலை அறிவித்ததும், அது அச்சுக்கு வரும் முன்பே குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கில் ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்தன. உக்ரைன் போர் நடக்கும் நேரத்தில் இப்படி ஒரு நாவலா என்ற கோபம். அவர் வெளியீட்டையே தள்ளிவைத்தார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டா இல்லையா என்பது வேறு பேச்சு, அது தனியாகப் பேசப்பட வேண்டியது. ஆனால் யாருமே படிக்காத புத்தகத்துக்கு நட்சத்திரம் போட்டால் அந்த எண்ணுக்கு வாசிப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் போய்விடுகிறது. அதனால் முதல் ஒழுங்கு, படிக்காத புத்தகத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், நண்பருடையது என்றாலும் சரி, எதிரியுடையது என்றாலும் சரி. ஆசிரியரோ பதிப்பகமோ இலவசமாகப் பிரதி தந்திருந்தால் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், “ஆசிரியர் எனக்கு நண்பர்” என்றால் அதையும். சொன்னால் உங்கள் மேல் நம்பிக்கை கூடத்தான் செய்யும்.

பிடிக்கவில்லை என்று சொல்வது

புதியவர்கள் அதிகம் தயங்குவது இங்கேதான். எல்லோரும் கொண்டாடும் ஒரு நாவல் உங்களுக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் “உனக்குப் புரியலை” என்பார்களோ என்ற பயம். சொல்லுங்கள். ஆனால் “மொக்கை” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள், அது “அருமை” என்பதைப் போலவே எதுவும் சொல்லாத சொல். “நானூறு பக்கத்தில் முதல் இருநூறு பக்கம் வயல், மழை, ஆடு மாடு என்றே போகிறது, எனக்குப் பொறுமை இல்லை” என்று எழுதுங்கள். இதைப் படித்துவிட்டு ஒருவர் “ஆஹா, எனக்கு இதுதானே வேண்டும்” என்று அன்றைக்கே ஆர்டர் போடுவார். காரணத்தோடு எழுதினால், பிடிக்கவில்லை என்பதும் ஒருவருக்குப் பரிந்துரையாகிவிடுகிறது. ரங்கநாதனின் மூன்றாவது விதி அப்படித்தான் வேலை செய்கிறது.

தமிழ்க் குழுக்களில் ஒரு கூடுதல் சிக்கல், எழுதியவரே அதே குழுவில் இருப்பார், நாளைக்குப் புத்தகக் காட்சி அரங்கில் நேரில் பார்க்க வேண்டியும் வரும். அதற்காகப் பொய் சொல்ல வேண்டியதில்லை. புத்தகத்தைப் பற்றி எழுதுங்கள், ஆளைப் பற்றி எழுதாதீர்கள். “இந்த உரையாடல்கள் எல்லோருக்கும் ஒரே குரலில் இருக்கின்றன” என்பது புத்தகத்தைப் பற்றியது. “இவருக்கு எழுதத் தெரியாது” என்பது ஆளைப் பற்றியது. எதிர்மறையாக எழுதும்போது ஆசிரியரை டேக் செய்து காட்டாதீர்கள். அவர் தேடிவந்து படித்தால் அது அவர் விருப்பம், நாமாக வாசலில் கொண்டுபோய்ப் போடக் கூடாது. எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வாசகர் கருத்துக்குக் கீழே வந்து விளக்கம் தராதீர்கள். ஒரு தடவை அப்படி நடந்தாலே அந்தக் குழுவில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள்.

முடிக்காத புத்தகத்தைப் பற்றியும் பேசலாம், முடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு. நான்சி பெர்ல் இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுக்கலாம், அதற்குள் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம். ஐம்பதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தங்கள் வயதைக் கழித்து, வருவதை மட்டும் படித்தால் போதும். எழுபது வயது என்றால் 30 பக்கம். “எழுபதாம் பக்கத்தில் நிறுத்தினேன், காரணம் இது” என்ற பதிவு, கஷ்டப்பட்டு முடித்துவிட்டு ஆத்திரத்தில் எழுதுவதைவிடப் பயனுள்ளது.

ஸ்பாய்லர், பிடிஎஃப்

கதையின் முக்கியமான திருப்பத்தைப் போட்டுடைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் உடைக்கிற விதங்கள்தான் பிரச்சினை. “கடைசி முப்பது பக்கம் தூக்கிவாரிப் போடும்” என்று எழுதினாலே, படிக்கிறவர் கடைசி முப்பது பக்கத்துக்காகக் காத்துக்கொண்டு நடுவில் இருப்பதை ஓட்டிவிடுவார். “நம்பினவனே ஏமாத்திட்டான், அழுதுட்டேன்” என்பதும் அப்படித்தான். பின்னட்டையில் இருக்கிற அளவு கதை சொல்லலாம், அல்லது முதல் கால்பகுதி வரை, அதற்குமேல் வேண்டாம். முடிவைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும் என்றால் டெலிகிராமில் எழுத்தைத் தேர்வுசெய்து ஸ்பாய்லராக மறைக்கும் வசதி இருக்கிறது, குட்ரீட்ஸிலும் உண்டு. வாட்ஸ்அப்பில் அந்த வசதி இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. முதல் வரியில் புத்தகத்தின் பெயரோடு ஸ்பாய்லர் என்று போட்டுவிட்டு, வரிக்கு ஒரு புள்ளியாக நிறைய வரிகளை விட்டு அதற்குக் கீழே எழுதுங்கள், நீளமான செய்தியை அது தானாகவே மடித்துக்கொள்ளும், வேண்டுமென்கிறவர் மட்டும் திறந்து படிப்பார்.

நல்ல பரிந்துரைக்குக் கீழே ஐந்து நிமிடத்தில் வரும் கேள்வி, “பிடிஎஃப் இருக்கா?” புத்தகம் ஊரில் கிடைக்காமல் இருக்கலாம், விலை கட்டுப்படியாகாமல் இருக்கலாம், கேட்பவரைத் திட்டுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாழும் எழுத்தாளரின் நூலை ஸ்கேன் செய்து குழுவில் போடுவது சட்டப்படியும் தவறு. ஆயிரம் பிரதி விற்பதே பெரிதாக இருக்கிற மொழியில் அது நேராகப் போய் எழுதியவரையும் சின்னப் பதிப்பகத்தையும்தான் தாக்கும். இந்தியாவில் ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கிறது. அதைத் தாண்டியவையும், தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் தாராளமாகப் பகிரலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகள் வரை இலவசமாக இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் ‘நூலகம்’ என்ற இணையத் திட்டம் இருக்கிறது. “பிடிஎஃப் இல்லை” என்று மட்டும் சொல்லாமல், சென்னை என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பாருங்கள், மதுரை என்றால் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பாருங்கள், என்னிடம் பிரதி இருக்கிறது, கூரியரில் அனுப்பட்டுமா என்று சொல்கிறவர்கள் இருக்கிற குழுதான் நல்ல குழு.

எங்கே தொடங்குவது

குழுவில் சேர்ந்தவுடன் பதிவு போட வேண்டியதில்லை. கொஞ்ச நாள் படித்துக்கொண்டிருங்கள். நீங்கள் ஏற்கெனவே படித்த புத்தகங்களைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பழைய பதிவுகளில் தேடிப் பாருங்கள். அதில் உங்களுக்குத் தோன்றியதையே எழுதியிருக்கும் இரண்டு மூன்று பேர் கிடைப்பார்கள். அவர்களின் மற்றப் பரிந்துரைகளைப் பின்தொடருங்கள், ஆயிரம் பேரின் சராசரியைவிட அது உங்களுக்கு நம்பகமானது. உங்களுக்கு நேர் எதிரான ரசனை உள்ள ஒருவரையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அவர் “தாங்க முடியலை” என்று எழுதினால் அந்தப் புத்தகம் உங்களுக்குச் சரியாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

பிறகு முதல் பதிவு. புதிதாக வந்த நூலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றில்லை. யாரும் பேசாத, உங்கள் கைக்கு எப்படியோ வந்து சேர்ந்த ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பு இருந்தால் அதைப் பற்றி எழுதுங்கள். ஏற்கெனவே நூறு பதிவு உள்ள நாவலுக்கு நூற்றொன்றாவதைவிட அதற்குத்தான் ஆள் தேவை. ஒரு பத்தி போதும். யாருக்கு, எந்த வாசல், எங்கே தடுக்கும்.

யாராவது சொல்லி நீங்கள் ஒரு புத்தகத்தைப் படித்தால், படித்து முடித்ததும் அவருடைய பதிவுக்கே திரும்பப் போய் இரண்டு வரி எழுதுங்கள். “நீங்கள் சொல்லித்தான் எடுத்தேன், அந்த அண்ணன் பாத்திரம் மனதில் நின்றது, நீங்கள் சொன்ன மாதிரி நடுவில் கொஞ்சம் இழுத்தது” என்று. இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. பிடிக்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள், எது ஒட்டவில்லை என்று. அடுத்த தடவை அவர் உங்களுக்குச் சொல்லும் புத்தகம் வேறாக இருக்கும்.